மண்ணுக்குள் யாரும் இலவசமாக உழைப்பதில்லை

வெயிலைப் பிடித்து இலை தயாரிக்கும் சர்க்கரை முழுவதும் தண்டுக்கும் காய்க்கும் போய்ச் சேர்ந்துவிடுவதில்லை. அதில் ஒரு பங்கு வேர் வழியாக மண்ணுக்குள் போய்விடுகிறது. செடியின் இனம், வயது, மண்ணின் நிலை ஆகியவற்றைப் பொறுத்து அளவு மாறும். 5 முதல் 20 சதவீதம் வரை என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. சர்க்கரையோடு அமினோ அமிலங்கள், சிட்ரிக், மாலிக் போன்ற கரிம அமிலங்கள், ஃபிளேவனாய்டுகள் எனப்படும் தாவர வேதிப்பொருட்கள், வேர்நுனியிலிருந்து உதிரும் செல்கள் என்று பலதும் வெளியேறுகின்றன. இதில் கொஞ்சம், மெல்லிய வேர்நுனியால் தடுக்க முடியாத கசிவு. மீதி, செடி ஆற்றலைச் செலவழித்து வேண்டுமென்றே வெளியே தள்ளுவது. அரும்பாடுபட்டுச் சேர்த்த உணவை இப்படி இறைக்க வேண்டிய அவசியம் செடிக்கு என்ன?

மண் நுண்ணுயிர்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்தக் கேள்விக்குள் நுழைவதே இல்லை. மண்ணில் நல்ல நுண்ணுயிர்கள் இருக்கின்றன, அவை செடிக்கு உதவுகின்றன என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். உதவி என்று வைத்துக்கொண்டால் பாதி விஷயம் புரியாமலே போகும். செடி வளர வேண்டும் என்ற அக்கறை பாக்டீரியாவுக்கும் கிடையாது, பூஞ்சைக்கும் கிடையாது. அவை தத்தம் வயிற்றுப்பாட்டைப் பார்க்கின்றன. செடியும் அப்படித்தான். இந்தப் பிழைப்புகள் உரசிக்கொள்ளும் இடத்தில் சில நேரம் இரு தரப்புக்கும் லாபம், சில நேரம் ஒரு தரப்புக்கு நட்டம். எது எப்போது நடக்கும் என்பதைப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

வேரை ஒட்டிய சில மில்லிமீட்டர்

ஒரு கிராம் வளமான மண்ணில் நூறு கோடி அளவுக்கு பாக்டீரியாக்கள் இருக்கலாம். இனங்கள் ஆயிரக்கணக்கில். இந்த எண்ணைக் கேட்டதும் மண் முழுக்க ஓயாத பரபரப்பு என்று தோன்றும். உண்மை வேறு. எந்த ஒரு நேரத்திலும் அவற்றில் பெரும்பான்மை உறக்கநிலையில்தான் கிடக்கின்றன. காரணம் பசி. மண்ணில் தாதுக்கள் இருக்கின்றன, ஈரமும் அவ்வப்போது இருக்கிறது; எளிதில் உண்ணக்கூடிய கார்பன்தான் இல்லை. மட்கிய கரிமப் பொருள் களிமண் துகள்களோடு ஒட்டி, எளிதில் கைக்கு எட்டாத நிலையில் கிடக்கும்.

அந்த இருட்டுப் பட்டினிக்குள் ஒரு வேர்நுனி நுழையும்போது சுற்றியிருப்பவை விழித்துக்கொள்கின்றன. வேரை ஒட்டிய சில மில்லிமீட்டர் மண்ணில் நுண்ணுயிர்களின் எண்ணிக்கை, சற்றுத் தள்ளியிருக்கும் மண்ணைவிடப் பத்து மடங்கு, சில இடங்களில் நூறு மடங்குகூட எகிறும். 1904இல் ஜெர்மானிய ஆய்வாளர் லோரன்ஸ் ஹில்ட்னர் இந்தப் பகுதியைத் தனியாகக் குறித்து ரைசோஸ்பியர் என்று பெயரிட்டார். தமிழில் வேர்மண்டலம் என்கிறோம். செடியின் உணவுப் பிரச்சினைகள் பெரும்பாலும் தீர்வதும் முற்றுவதும் இங்கேதான்.

இந்த உலகம் இவ்வளவு காலம் கண்ணில் படாமல் இருந்ததற்கு ஒரு எளிய காரணம் உண்டு. ஆய்வுக்கூடத் தட்டில் ஊட்டக்கூழ் ஊற்றி வளர்த்துப் பார்ப்பதுதான் பழைய முறை. மண் பாக்டீரியாக்களில் ஏறத்தாழ நூற்றில் ஒன்றுதான் அப்படி வளரும். மற்றவை உண்டு என்பதே, மண்ணிலிருந்து டி.என்.ஏ.வை நேரடியாகப் பிரித்துப் படிக்கும் முறை வந்த பிறகுதான் விரிவாகத் தெரிந்தது. ஆக, நாம் நன்றாக அறிந்த மண் நுண்ணுயிர்கள், தட்டில் வளரச் சம்மதித்தவை மட்டுமே. இதை நினைவில் வைத்துக்கொண்டால் "எல்லாம் கண்டுபிடித்தாகிவிட்டது" என்ற தொனியில் எழுதப்படும் விளம்பரங்களை நிதானமாகப் படிக்கலாம்.

நைட்ரஜன் என்ற விலையுயர்ந்த சரக்கு

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆனாலும் செடிகள் நைட்ரஜன் போதாமல் வெளிறிப்போகின்றன. இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையே இருப்பது முப்பிணைப்பு. அதை உடைக்க எந்தச் செடியிடமும் கருவி கிடையாது. தொழிற்சாலையில் அதை உடைக்க 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பமும் நூற்றுக்கும் அதிகமான வளிமண்டல அழுத்தமும் தேவைப்படுகின்றன. அதே வேலையைச் சில பாக்டீரியாக்கள் சாதாரண வெப்பநிலையில், நைட்ரோஜினேஸ் என்ற நொதியைக் கொண்டு முடிக்கின்றன. மலிவாக அல்ல. ஒரே ஒரு நைட்ரஜன் மூலக்கூறை அம்மோனியாவாக்க 16 ஏ.டி.பி. மூலக்கூறுகள் செலவாகின்றன. ஏ.டி.பி. என்பது உயிரணுக்களின் ஆற்றல் நாணயம். இவ்வளவு ஆற்றலுக்கு யாராவது சர்க்கரை கொடுத்தாக வேண்டும்.

பயறு வகைச் செடிகள் கொடுக்கின்றன. அவற்றின் வேர்முடிச்சுகளுக்கும் காற்று நைட்ரஜனுக்கும் உள்ள தொடர்பை ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1880களின் பிற்பாதியில் நிறுவினார்கள். 1888இல் பெயரிங்க் முடிச்சுக்குள்ளிருந்த பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார். ரைசோபியம் என்று நாம் இன்று பொதுவாக அழைக்கும் கூட்டம் அது. முடிச்சு உருவாகும் விதம் ஒரு பேச்சுவார்த்தைக்கு நிகரானது. நைட்ரஜன் குறைந்த செடி வேரிலிருந்து ஃபிளேவனாய்டுகளை வெளிவிடும். அதை உணர்ந்த பாக்டீரியா, நாட் காரணி எனப்படும் ஒரு மூலக்கூறைப் பதிலாக அனுப்பும். ஆள் சரியானவர் என்று வேருக்குப் பட்டால் மட்டுமே வேர்த்தூவி சுருண்டு பாக்டீரியாவை உள்ளே விடும். அதனால்தான் ஒரு பயறுக்கு ஏற்ற ரைசோபியம் இன்னொரு பயறுக்குப் பயன்படாமல் போவதும் உண்டு.

உள்ளே வந்த பிறகும் ஒரு சிக்கல் இருக்கிறது. நைட்ரோஜினேஸுக்கு ஆக்சிஜன் பட்டால் ஆகாது. அதே பாக்டீரியா சுவாசிக்க ஆக்சிஜன் வேண்டும். நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினின் உறவான லெக்ஹீமோகுளோபினைச் செடி முடிச்சுக்குள் நிரப்பி, ஆக்சிஜனை அளந்து அளந்து கொடுக்கிறது. வேலை செய்யும் முடிச்சை நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருப்பது இதனால்தான்.

இந்த அளந்து கொடுக்கும் குழாய் செடியின் கையில் இருப்பது சாதாரண விஷயமில்லை. 2003இல் டோபி கியர்ஸும் சக ஆய்வாளர்களும் சோயா வேர்முடிச்சுகளைச் சுற்றி நைட்ரஜனை நீக்கி, அதற்குப் பதில் ஆர்கான் வாயுவை நிரப்பினார்கள். பாக்டீரியாக்கள் உயிரோடு இருந்தன, சர்க்கரை தின்றன. நைட்ரஜன் மட்டும் தரவில்லை, தரவும் வழியில்லை. சோயா என்ன செய்தது? அந்த முடிச்சுகளுக்கான ஆக்சிஜனைக் குறைத்தது. அங்கிருந்த பாக்டீரியாக்களின் பெருக்கம் விழுந்தது. சரக்கு தராதவனுக்குப் படி அளப்பதை நிறுத்துவதுபோல. இந்தத் தண்டனை இல்லாவிட்டால், தின்றுவிட்டுச் சும்மா இருக்கும் பாக்டீரியாக்களே தலைமுறை தலைமுறையாகப் பெருகியிருக்கும். கூட்டுவாழ்வு என்று பாடநூல் இனிமையாகச் சொல்வதன் அடியில் இப்படியொரு கண்காணிப்பு ஓடுகிறது.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். மண்ணில் யூரியாவோ வேறு நைட்ரஜன் உரமோ தாராளமாகக் கிடைத்தால் பயறுச்செடி முடிச்சு போடுவதையே குறைத்துக்கொள்ளும். வேறு வழியில் எளிதாகக் கிடைக்கும் பொருளுக்கு அது ஏன் இவ்வளவு விலை கொடுக்க வேண்டும்?

பூஞ்சை இழைகளும் ஒட்டுக்கேட்கும் எதிரியும்

பாஸ்பரஸின் கதை வேறு மாதிரி. அது மண்ணில் இருக்கும், ஆனால் நகராது. இரும்பு, அலுமினியம், கால்சியம் ஆகியவற்றோடு பிணைந்து நின்றுவிடும். வேரை ஒட்டிய ஓரிரு மில்லிமீட்டரில் இருந்ததை வேர் உறிஞ்சி முடித்ததும் அந்த இடம் வறண்டுவிடுகிறது. அடுத்த பாஸ்பேட் வந்து சேர நாட்கணக்கில் ஆகலாம். வேர் வளர்ந்து போய் எடுக்கலாம்தான். ஆனால் வேர் தடிமனானது, அதைக் கட்டச் செலவு அதிகம். 2 முதல் 10 மைக்ரோமீட்டர் தடிமனே உள்ள பூஞ்சை இழை, வேர் நுழைய முடியாத இடுக்கிலும் நுழைந்து, பல சென்டிமீட்டர் தள்ளிப் போய்ப் பாஸ்பேட்டைக் கொண்டுவருகிறது.

இப்படி வேரோடு இணைந்து வாழும் பூஞ்சைக்கு மைக்கோரைசா என்ற பெயரை 1885இல் ஆல்பர்ட் பெர்னார்டு ஃபிராங்க் வைத்தார். பிரஷ்ய அரசுக்காக, விலை மதிப்பு மிக்க ட்ரஃபிள் காளானை வளர்க்க வழி தேடப் போனவர் அவர். காளான் சாகுபடி கைகூடவில்லை. தாவரவியலின் பெரிய கருத்துகளில் ஒன்று கிடைத்தது. வேம் என்ற சுருக்கப்பெயரில் விவசாயிகளுக்குப் பழக்கமான வேர் உட்பூசணம் இதில் ஒரு வகை. நிலத்தாவர இனங்களில் சுமார் 70 சதவீதத்துக்கும் மேல் இந்த வகைப் பூஞ்சையோடு உறவு வைத்திருக்கின்றன. கடுகு, முட்டைக்கோஸ் குடும்பம் ஒரு முக்கிய விதிவிலக்கு. உறவு எவ்வளவு பழையது என்றால், ஸ்காட்லாந்தின் ரைனி பாறைப்படிவில் கிடைத்த ஏறத்தாழ 40 கோடி ஆண்டுப் பழைமையான தாவரங்களுக்குள்ளேயே இந்தப் பூஞ்சை தெரிகிறது. அந்தத் தாவரங்களுக்கு இன்று நாம் வேர் என்று சொல்லும் உறுப்பே கிடையாது. வேர் வருவதற்கு முன்பே பூஞ்சை வந்துவிட்டது.

இவ்வளவு நீண்ட உறவில் பூஞ்சை தன் சுதந்திரத்தை இழந்திருக்கிறது. கொழுப்பு அமிலத்தைத் தானே முதலிலிருந்து தயாரிக்கும் திறன் அதற்கு இல்லை. செடிதான் ஊட்டுகிறது என்பதை 2017இல் வெளியான ஆய்வுகள் காட்டின. இருந்தும் அது கைகட்டி நிற்பதில்லை. கூடுதல் சர்க்கரை தரும் வேருக்குப் பூஞ்சை கூடுதல் பாஸ்பரஸ் அனுப்புகிறது. கூடுதல் பாஸ்பரஸ் தரும் பூஞ்சைக்குச் செடி கூடுதல் சர்க்கரை தருகிறது. 2011இல் வெளியான சோதனைகளில் இது இரு திசையிலும் தெரிந்தது. பாஸ்பரஸ் உரம் கொட்டப்பட்ட மண்ணில் செடி பூஞ்சையை வேருக்குள் அதிகம் அனுமதிப்பதில்லை என்பதும் இதே கணக்குதான்.

காட்டு மரங்கள் பூஞ்சை இழைகள் வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன, தாய்மரம் கன்றுகளுக்கு உணவூட்டுகிறது என்ற செய்தியை இணையத்தில் எல்லோரும் ஒருமுறையாவது பார்த்திருப்போம். இதன் மூலம் 1997இல் சூசன் சிமார்டும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு. பிர்ச் மரத்திலிருந்து டக்ளஸ் ஃபிர் மரத்துக்குக் கார்பன் போனதை அவர்கள் அளந்தார்கள். அது நல்ல ஆய்வு. அதன்மேல் கட்டப்பட்ட கதைதான் வெகுதூரம் போய்விட்டது. கார்பன் மண் வழியாகவும் போயிருக்கலாம், இழை வழியாகவும் போயிருக்கலாம். காட்டில் இரண்டையும் பிரித்துக் காட்டுவது மிகக் கடினம். 2023இல் ஜஸ்டின் கார்ஸ்ட் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் கிடைத்த சான்றுகளை எல்லாம் மறுபடி பார்த்து, பரவலாகச் சொல்லப்படும் கூற்றுகளுக்குக் களத்தில் போதிய ஆதாரமில்லை என்று எழுதினார்கள். மரங்களுக்குத் தாய்ப்பாசம் இருக்கிறது என்பதைவிட, இரு மரங்களுக்கு நடுவே நின்று தன் லாபத்தைப் பார்க்கும் ஒரு பூஞ்சை இருக்கிறது என்பதே எனக்கு நம்பக்கூடியதாகவும் சுவையானதாகவும் படுகிறது.

செடி பூஞ்சையை அழைப்பதிலும் ஆபத்து உண்டு. பாஸ்பரஸ் பற்றாக்குறை வந்ததும் வேர் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளைக் கசியவிடும். அது பட்டதும் பூஞ்சை இழை கிளைவிட்டு வேரை நோக்கி வரும். 2005இல்தான் இது தெரிந்தது. ஆனால் அந்தப் பொருளுக்கு அந்தப் பெயர் வந்தது பூஞ்சையால் அல்ல, ஸ்ட்ரைகா என்னும் சுடுமல்லியால். சோளம், மக்காச்சோளம், கரும்பு வேர்களில் ஒட்டி உறிஞ்சும் இந்தக் களையின் விதை, மண்ணில் பல ஆண்டுகள் காத்துக் கிடந்து, ஸ்ட்ரைகோலாக்டோன் வாடை பட்டதும் முளைக்கிறது. நண்பனுக்கு விடுத்த அழைப்பை எதிரி ஒட்டுக்கேட்டுவிடுகிறான். நிறுத்தலாமென்றால் பூஞ்சையும் வராது. சத்துக் குறைந்த மண்ணில் சுடுமல்லி கொழிப்பதற்கு இது ஒரு காரணம்.

தின்றால்தான் சத்து வெளிவரும்

நுண்ணுயிர் அதிகமானால் செடிக்குச் சத்து அதிகமாகும் என்று ஒரு நம்பிக்கை. நடப்பது பல நேரம் தலைகீழ். வைக்கோலை மண்ணில் மடக்கி உழுதபின் பயிர் சில வாரங்கள் மஞ்சளாவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வைக்கோலில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 80 பங்கு போலக் கார்பன் இருக்கும். பாக்டீரியாவின் உடலில் இந்த விகிதம் ஏறத்தாழ ஒன்றுக்கு ஐந்து. அவ்வளவு கார்பனைத் தின்று பெருக அதற்கு நைட்ரஜன் வேண்டும். வைக்கோலில் போதாததால் மண்ணில் உள்ளதை எடுத்துக்கொள்கிறது. செடியைவிட அது வேகமானது. மட்கவேண்டிய பொருளில் விகிதம் சுமார் 25க்குக் கீழே வந்தால்தான் நைட்ரஜன் மிச்சப்பட்டு வெளியே வரத் தொடங்கும்.

பாக்டீரியாவுக்குள் பூட்டிக் கிடக்கும் நைட்ரஜனை வெளியே கொண்டுவருபவர்கள் அதைத் தின்பவர்கள். அமீபா போன்ற ஒருசெல் உயிரிகளும், பாக்டீரியா தின்னும் நூற்புழுக்களும் இந்த வேலையில் முக்கியமானவை. இரையில் இருக்கும் நைட்ரஜன் அவற்றின் தேவைக்கு அதிகம். மிஞ்சியதை அம்மோனியமாகக் கழிக்கின்றன. அது வேருக்குப் பக்கத்திலேயே நடப்பதால் வேர் எடுத்துக்கொள்கிறது. இப்போது முதல் கேள்விக்கு ஒரு பகுதி பதில் கிடைக்கிறது. செடி சர்க்கரையை இறைப்பது பாக்டீரியாவை வளர்க்க, வளர்ந்த பாக்டீரியா மட்கிய பொருளைக் குடைந்து நைட்ரஜனை எடுக்கும், பாக்டீரியாவை அமீபா தின்னும், கழிவு வேருக்கு. பாக்டீரியா செத்தால்தான் செடிக்குப் பலன். இதை யாரும் நட்பு என்று சொல்லமாட்டார்கள்.

மீதிப் பதில் பாதுகாப்பு. கோதுமையில் டேக்-ஆல் என்றொரு வேரழுகல் நோய் வரும். ஒரே நிலத்தில் தொடர்ந்து கோதுமை போட்டால் முதல் சில ஆண்டுகள் நோய் ஏறிக்கொண்டே போகும். பொறுமையாகத் தொடர்ந்தால், ஒரு கட்டத்தில் மருந்தே அடிக்காமல் நோய் இறங்கிவிடும். நோய்ப்பூஞ்சை மண்ணில் இருக்கும், நோய்தான் குறையும். அழுகும் வேரில் பெருகிய சூடோமோனாஸ் பாக்டீரியாக்கள் அந்தப் பூஞ்சையை அடக்கும் வேதிப்பொருளைச் சுரப்பது இதற்கு முக்கியக் காரணம் என்று கண்டார்கள். அந்த மண்ணில் ஒரு சிறு பங்கை எடுத்து வேறு மண்ணில் கலந்தால் நோயடக்கும் குணமும் கூடவே போகிறது. மண்ணைச் சூடேற்றினால் போய்விடுகிறது. இங்கும் பாக்டீரியா கோதுமைக்காகப் போராடவில்லை, தன் இடத்துக்காகப் போராடுகிறது. மண்ணில் நடக்கும் இதே இடச்சண்டையிலிருந்துதான் 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்தது. காசநோய்க்கு முதல் பயனுள்ள மருந்து அது.

வயலுக்கு வெளியே

உலக அளவில் மண்ணின் மேல் ஒரு மீட்டரில் சுமார் 1,50,000 கோடி டன் கரிமக் கார்பன் இருக்கிறது. வளிமண்டலத்தில் கார்பன் டை ஆக்சைடாக மிதக்கும் கார்பனைவிட இது அதிகம். இதை மண்ணில் வைத்திருப்பதும் வெளியே விடுவதும் நுண்ணுயிர்களே. நிலைத்து நிற்கும் மட்கில் பெரும்பங்கு சிதையாத தழை என்றே வெகுகாலம் நினைத்தார்கள். களிமண் துகள்களில் ஒட்டிக் கிடப்பதில் கணிசமான பங்கு செத்த நுண்ணுயிர்களின் உடல் மிச்சம் என்பது இப்போதைய புரிதல். அவை பெருகிச் சாகச் சாக மண்ணில் கார்பன் சேர்கிறது. அவை சுவாசிக்கச் சுவாசிக்கக் கார்பன் போகிறது. தட்பவெப்பம் சூடானால் எந்தப் பக்கம் சாயும் என்பதை அறிய, அமெரிக்காவின் ஹார்வர்டு காட்டில் 1991 முதல் சில துண்டு நிலங்களைச் சுற்றுப்புறத்தைவிட 5 டிகிரி அதிகமாகச் சூடாக்கி வருகிறார்கள். கார்பன் இழப்பு சீராக இல்லை: சில ஆண்டுகள் வேகமாக, பிறகு தேக்கம், மறுபடி இழப்பு. எளிதான உணவு தீர்ந்ததும் நுண்ணுயிர்க் கூட்டமே மாறி, கடினமானதைத் தின்னும் இனங்கள் தலையெடுப்பது அதற்கு ஒரு விளக்கம்.

காற்றோட்டம் இல்லாத மண்ணில் வேறு கூட்டம் வேலை செய்கிறது. நீர் தேங்கினால் ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டை வைத்துச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள், நாம் காசு கொடுத்துப் போட்ட உரத்தைக் காற்றுக்கே திருப்பி அனுப்புகின்றன. வழியில் கசியும் நைட்ரஸ் ஆக்சைடு, நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 273 மடங்கு வெப்பமாக்கும் வாயு. உலக அளவில் பயிருக்குப் போடும் நைட்ரஜனில் ஏறத்தாழ பாதிதான் பயிரைச் சேர்கிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நீர் நின்றே கிடக்கும் வயலில் ஆர்க்கியா எனப்படும், பாக்டீரியா போலத் தோன்றும் வேறொரு நுண்ணுயிர்க் கூட்டத்தில் மீத்தேன் தயாரிப்பவை பெருகும். வயலை இடையிடையே காயவிட்டால் மீத்தேன் கணிசமாகக் குறையும், ஆனால் நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம் கூடலாம்.

புட்டியில் வரும் நுண்ணுயிர்

ரைசோபியத்தை வளர்த்துப் புட்டியில் விற்கும் யோசனை 1896லேயே வந்துவிட்டது. நோபே என்ற ஜெர்மானிய ஆய்வாளருடன் சேர்ந்து அதைக் கொண்டுவந்தவர், வேர்மண்டலத்துக்குப் பெயர் வைத்த அதே ஹில்ட்னர். அந்தப் பயறு இதுவரை விளையாத மண்ணில், அதற்குரிய ரைசோபியம் இல்லாத இடத்தில், விதையோடு கலந்து போட்டால் பலன் கண்கூடு. அப்போது காலி இடத்துக்கு ஆள் அனுப்புகிறோம். ஏற்கெனவே உள்ளூர் ரைசோபியம் நிறைந்த மண்ணில் அதே பொட்டலம் பெரிதாக எதையும் செய்யாமல் போகலாம். இருப்பவை அந்த மண்ணின் வெப்பத்துக்கும் அமிலத்துக்கும் பழகியவை. புதிதாக வந்தது பெரும்பாலும் பசியிலோ அமீபா வாயிலோ முடிந்துவிடும். இப்படிப் புட்டியிலும் பொட்டலத்திலும் விற்கப்படும் மற்ற நுண்ணுயிர்களான அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் நுண்ணுயிரும், வயலில் இடம்பிடித்து நிலைக்கும் நுண்ணுயிரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

அதனால் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட நிலைமையைக் கவனிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. மண்ணில் ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு வேர் உயிரோடு இருந்தால் சர்க்கரை ஓட்டம் நிற்காது. ஆழமாக அடிக்கடி உழுவது பூஞ்சை வலையை அறுத்துவிடும். அடுத்த பயிர் அதை முதலிலிருந்து கட்ட வேண்டும். கடுகுக் குடும்பப் பயிருக்கும் தரிசுக்கும் பின்னால் வேம் பூஞ்சை மெலிந்திருக்கும் என்பதால், அதை நம்பும் பயிரை உடனே போடும்போது பாஸ்பரஸ் விஷயத்தில் கவனம் வேண்டும். மண்பரிசோதனையில் பாஸ்பரஸ் நிறையக் காட்டினால் பூஞ்சைப் பொட்டலத்துக்குச் செலவழிப்பதில் பொருளில்லை; செடியே அதை அதிகம் உள்ளே விடப்போவதில்லை.

பயறில் சோதித்துப் பார்ப்பது மட்டும் எளிது. பூக்கும் பருவத்தில் ஓரிரு செடிகளை இழுத்துப் பிடுங்காமல் மண்ணோடு தோண்டி எடுத்து, தண்ணீரில் மெல்ல அலசிவிட்டு, முடிச்சுகளை நகத்தால் கீறிப் பார்க்கலாம். உள்ளே இளஞ்சிவப்பு என்றால் நைட்ரஜன் வந்துகொண்டிருக்கிறது. பச்சை அல்லது பழுப்பு என்றால் முடிச்சு முதிர்ந்து ஓய்ந்துவிட்டது. வெள்ளை என்றால் இன்னும் இளசு, அல்லது தின்றுவிட்டுச் சும்மா இருக்கும் பாக்டீரியா. முடிச்சே இல்லையென்றால் ஒன்று ஏற்ற ரைசோபியம் அந்த மண்ணில் இல்லை, அல்லது மண்ணில் நைட்ரஜன் ஏற்கெனவே மிகுந்திருக்கிறது. அடுத்த முறை விதையோடு பொட்டலத்தைக் கலப்பதா, யூரியாவைக் குறைப்பதா என்பது இந்த இரண்டில் எது என்பதைப் பொறுத்தது.